டவர் படுத்தால் கடையும் படுக்குமா? ஸ்ரீவைகுண்டம் பஜாரில் செல்போன் காசும், சில்லறைக் காசும்

ஸ்ரீவைகுண்டம் பஸ் நிலையத்தில் டீ குடிக்க இப்போது சட்டைப் பையில் காசு தேவை இல்லை. பாய்லர் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஒரு படம். அதன் முன்னால் செல்போனைக் காட்ட வேண்டியது, ரகசிய நம்பரைத் தட்ட வேண்டியது. கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன டப்பா, எத்தனை ரூபாய் வந்தது என்று ஊருக்கே கேட்கும்படி சத்தம் போடும். அவ்வளவுதான், கணக்கு தீர்ந்தது!

வாழைத்தார் ஏற்றும் லோடுமேன் முதல் கோர்ட்டு குமாஸ்தா வரை எல்லோருக்கும் இதே பழக்கம். பூக்கூடைக்குள்ளும் ஓர் அட்டை இருக்கிறது. "சில்லறை இல்ல அண்ணாச்சி, ஜிபே பண்ணிருங்க" என்பதுதான் இன்றைய பஜார் பாஷை.

இதுவரைக்கும் சரி. ஆனால் சில கடைகளில் இப்போது வேறு ஒரு பேச்சு கிளம்பி இருக்கிறது. ரூபாய் நோட்டை நீட்டினால் முகத்தைச் சுளிக்கிறார்கள். "காசா? போன்ல அனுப்ப முடியாதா?" என்கிறார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் ஆச்சி என்ன செய்வாள்? போனே இல்லாத கூலிக்காரர் எங்கே போவார்?

மற்ற ஊர்க்காரர்கள் இப்படிக் கேட்டால் போகட்டும் என்று விடலாம். ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் கேட்கலாமா? 2023-ம் ஆண்டு டிசம்பர் அதற்குள் மறந்து போச்சா?

சில்லறைச் சண்டை

செல்போன் காசு வந்ததைக் குறை சொல்வதற்கு இல்லை. முன்பெல்லாம் பஸ்சில் ஏறினால் பாதி தூரம் கண்டக்டருக்கும் பயணிக்கும் சண்டைதான். "மீதியை டிக்கெட் பின்னால எழுதித் தாரேன், இறங்கும்போது வாங்கிக்கிடும்" என்பார் கண்டக்டர். இறங்குகிற அவசரத்தில் அது மறந்து போகும். கடையில் மீதி ஒரு ரூபாய்க்கு மிட்டாயைக் கையில் திணிப்பார்கள். அந்த மிட்டாயைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் அரிசி தருவாரா?

10 ரூபாய் நாணயம் பட்ட பாடு அதைவிடப் பெரிய கதை. 14 விதமான 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ம் ஆண்டு ஜனவரியில் அறிக்கையே விட்டது. அப்படியும் தென் மாவட்டங்களில், "இது செல்லாது வே" என்று தள்ளினார்கள். சர்க்கார் அடித்த காசு செல்லாது என்று பெட்டிக்கடை தீர்ப்புச் சொன்ன அதிசயம் இந்தப் பக்கத்தில்தான் நடந்தது!

அந்தத் தொல்லைகளை எல்லாம் செல்போன் தீர்த்தது உண்மை. இந்த யு.பி.ஐ. முறை 2016-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி அறிமுகமானது. அந்த ஆண்டு நவம்பர் 8-ந் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்கு அப்புறம் ஏ.டி.எம். வாசலில் ஜனங்கள் கால் கடுக்க நின்றார்கள். கையில் நோட்டு இல்லாமல் தள்ளப்பட்டுத்தான் பாதிப் பேர் செல்போன் பக்கம் வந்தார்கள். அப்புறம் கொரோனா வந்தது. நோட்டைத் தொடவே பயந்த காலம் அது. இப்போது 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாடு முழுக்க 2 ஆயிரம் கோடி தடவைக்கு மேல் இப்படிப் பணம் கைமாறி இருக்கிறது. தொகை ரூ.24 லட்சம் கோடிக்கு மேல்!

கொற்கையில் முத்து வாங்க அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்தார்கள். அந்தக் கொற்கைக்குப் பக்கத்து ஊரில் இன்று கடலைமிட்டாய்க்கும் காசு காற்றில் வருகிறது. காற்று நின்றால்?

நடுவழியில் நின்ற ரெயில்

2023-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் மழை. பல ஊர்களில் ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு பெய்யாது. தாமிரபரணி கரை தாண்டியது. குளங்கள் உடைந்தன. ஏரல் பஜார் வெள்ளத்தில் மூழ்கியது.

அன்று ராத்திரி திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. செய்துங்கநல்லூர் போகும் வழியில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரெயிலில் சுமார் 800 பேர். 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார்கள். அதற்குள் ரோடும் துண்டிக்கப்பட்டது. சுமார் 500 பேர் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணி, வயதானவர்கள் எல்லோரும் அதில் உண்டு.

அவர்களில் எத்தனை பேர் செல்போனில் ஆயிரக்கணக்கில் பணம் வைத்திருந்திருப்பார்கள்! என்ன பிரயோஜனம்? கரண்டு இல்லை. டவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் பேட்டரியும் போய்விட்டது. கோடீசுவரனும் கூலிக்காரனும் அந்த பிளாட்பாரத்தில் ஒன்றுதான்.

ஸ்டேஷன் இருப்பது ஆற்றுக்குத் தென்கரையில், புதுக்குடியில். அந்தக் கிராமத்து மக்கள் தங்கள் வீட்டு வெள்ளத்தோடு வெள்ளமாக, கோவிலில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார்கள். ஒரு வாய்க்கும் அவர்கள் காசு கேட்கவில்லை. ஹெலிகாப்டரில் இருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டதெல்லாம் அப்புறம்தான். 19-ந் தேதிதான் பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஸ்பெஷல் ரெயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

புதுக்குடிக்காரர்கள் புண்ணியவான்கள். ஆனால் எல்லா நாளும் அன்னதானம் நடக்காது. வெள்ளம் வடிகிற நாட்களில் மெழுகுவர்த்தி வாங்க வேண்டும். தீப்பெட்டி, பிள்ளைக்குப் பால், காய்ச்சலுக்கு மாத்திரை, இதெல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கரண்டு கம்பம் சாய்ந்து கிடக்கிற ஊரில், கல்லாப்பெட்டி மேல் இருக்கும் அந்த டப்பா வாயைத் திறக்காது. அந்த நேரத்தில் நாலு நூறு ரூபாய் நோட்டு வைத்திருப்பவர்தான் ராஜா. அதுவும் இல்லாதவருக்கு அண்ணாச்சி கடைப் பற்று நோட்டுதான் கதி. முகம் தெரிந்தவருக்கு மட்டும்தான் அந்த நோட்டில் பக்கம் உண்டு. வெளியூரான் என்ன செய்வான்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நனைந்த நோட்டைக் காயப்போட்டால் அது நோட்டுதான். ரொம்ப நைந்து போனாலும் வங்கியில் கொடுத்து மாற்றலாம். நனைந்த செல்போன்?

ரேஷன் கடையில் ரொக்கம்

வெள்ளம் வடிந்ததும் சர்க்கார் என்ன செய்தது? கடுமையாகப் பாதித்த தாலுகாக்களில் குடும்பத்துக்கு ரூ.6 ஆயிரம் நிவாரணம் என்று அறிவித்தது. வங்கிக் கணக்கில் போடுகிறோம், போனில் வந்து விழும் என்று சொல்லவில்லை. டோக்கன் கொடுத்து, ரேஷன் கடையில் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார்கள். மின்சாரமும் டவரும் படுத்து எழுந்த ஊரில், வீட்டுச் சாமானைப் பறிகொடுத்தவர்களுக்கு நோட்டுதான் உதவும் என்பது சர்க்காருக்கே தெரிந்திருக்கிறது.

கணக்கில் போட்டால் வேறு ஓர் ஆபத்தும் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ரூ.1,000 பெண்களின் கணக்கில் விழுந்தது. விழுந்த கையோடு சில வங்கிகள் "மினிமம் பாலன்ஸ் இல்லை" என்று அதில் பிடித்தம் செய்துவிட்டன. நிதி மந்திரி தங்கம் தென்னரசு தலையிட்டுக் கண்டிக்க வேண்டி வந்தது. ரேஷன் கடையில் கையில் வாங்கிய நோட்டில் யாரும் இப்படிக் கத்தரிக்க முடியாது.

மழையும் வெள்ளமும் வந்தால்தானே இந்தப் பேச்சு என்று நினைக்கவும் வேண்டாம். 2025-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதியும், ஏப்ரல் 12-ந் தேதியும் நாடு முழுக்க யு.பி.ஐ. தடுமாறியது. சொட்டு மழை இல்லை. பெட்ரோல் பங்கில் எண்ணெய் போட்டவரும், ஓட்டலில் சாப்பிட்டுக் கை கழுவியவரும் போனைத் தடவிக்கொண்டு நின்றார்கள். மாவாட்டக் கல்லுரலா இருக்கிறது இப்போது?

வெள்ளைக்காரன் நாட்டிலும் இதே கதைதான். 2025-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஒரே நேரத்தில் கரண்டு போனது. கார்டு செத்தது, போன் செத்தது. பையில் நோட்டு வைத்திருந்தவர்கள் ரொட்டி வாங்கினார்கள். சுவீடன் நாட்டில் ரொக்கத்தையே மறந்துவிட்டார்கள் என்பார்கள். அந்த சுவீடன் சர்க்கார் 2024-ம் ஆண்டு நவம்பரில் வீட்டுக்கு வீடு ஒரு புத்தகம் அனுப்பியது. ஆபத்துக் காலத்துக்கு ஒரு வாரத்துக்கு உண்டான ரொக்கத்தைப் பல மதிப்பு நோட்டுகளாக வீட்டில் வையுங்கள் என்று அதில் சொல்லி இருக்கிறது. பக்கத்து நார்வேயில் 2024 அக்டோபர் 1-ந் தேதி முதல், கடையில் ரொக்கம் கொடுக்கும் உரிமைக்குச் சட்டமே பலமாக்கப்பட்டு இருக்கிறது. நம் பாட்டிமார் அரிசிப் பானைக்குள் நோட்டைச் சுருட்டி வைத்தபோது சிரித்தோமே!

கள்ளபிரான் ஊரில் கள்ளர்கள்

இனி திருட்டு விஷயம். ஸ்ரீவைகுண்டம் பெருமாளுக்குக் கள்ளபிரான் என்று பெயர். காலதூஷகன் என்ற திருடன், திருடியதில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்து வந்தானாம். அவனுடைய கூட்டாளிகள் பிடிபட்டபோது பெருமாளே அவன் வேஷத்தில் ராஜா முன்னால் போய் நின்றார் என்பது தல வரலாறு. இன்றைய சைபர் திருடன் யாருக்கும் பாதி கொடுப்பது இல்லை. அவன் முகத்தையும் யாரும் பார்த்தது இல்லை.

பஸ்சில் பிளேடு போட்டவன் ஒரு பர்சைத்தான் அடித்தான். அவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் நாலு சாத்தாவது சாத்தலாம். போனில் அடிப்பவன் ஆயுள் சேமிப்பையே அடிக்கிறான். அவன் இருப்பது எந்த ராஜ்ஜியத்திலோ!

கடைக்காரர்களிடம் நடக்கும் மோசடிகளில் பழசு, போலி ஸ்கிரீனைக் காட்டுவது. "பணம் போயிட்டு அண்ணாச்சி, டிக் வந்துட்டு பாருங்க" என்று பச்சை அடையாளத்தைக் காட்டிவிட்டு, சாமானைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவான். டப்பா சத்தம் போட்டதா, கணக்கில் ஏறியதா என்று பார்க்காமல் சாமானைக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு தந்திரம் கியூ.ஆர். அட்டையை மாற்றுவது. மத்திய பிரதேச மாநிலம் கஜுராகோவில் 2025-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு கும்பல் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் அட்டை மேல் தங்கள் அட்டையை ஒட்டிவிட்டது. மறுநாள் வியாபாரம் கடைக்காரருக்கு, பணம் திருடனுக்கு! போனில் வேறு பெயர் வருகிறதே என்று கவனித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. கடை வாசலில் வெளியே ஒட்டிய அட்டையைக் காலையில் ஒரு தடவை தானே ஸ்கேன் செய்து பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாவது, "உங்களுக்குப் பணம் வருது, நம்பரைத் தட்டுங்க" என்று சொல்லி ஏமாற்றுவது. பணம் வாங்குவதற்கு ரகசிய நம்பரே தேவை இல்லை. கொடுப்பதற்கு மட்டும்தான் தேவை. இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருந்தால் பாதிப் பேர் தப்பி இருப்பார்கள். ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் அந்த வசதியையே 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் திருடன் வேறு வழி கண்டுபிடிக்காமல் இருப்பானா?

பறிகொடுத்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அதுதான் பெரிய தப்பு. உடனே 1930-க்கு போன் போட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் தடுத்தால்தான் உண்டு. ராத்திரி தூங்கி எழுந்து, சொந்தக்காரரிடம் யோசனை கேட்டு, மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனால் கணக்கில் காற்றுதான் இருக்கும்.

முடங்கும் கணக்கு

ஒன்றும் தெரியாத வியாபாரியும் மாட்டிக்கொள்வது உண்டு. எங்கோ மோசடி செய்த பணத்தில் ஒருவன் வந்து புரோட்டா சாப்பிட்டுவிட்டு 200 ரூபாய் அனுப்புகிறான். வேறு மாநிலத்துப் போலீஸ் அந்தப் பணத்தின் வழியைத் தேடி வரும்போது, கடைக்காரரின் கணக்கு முழுவதும் முடக்கப்படுகிறது. 2023-ல் கேரளத்தில் பல சின்ன வியாபாரிகள் இப்படித் தவித்தார்கள். இங்கே 2024-ல் ஒரு வழக்கில், சந்தேகத்துக்கு உரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியைப் பயன்படுத்த சென்னை ஐகோர்ட்டு அனுமதித்தது. சரியான தீர்ப்பு. ஆனால் புரோட்டா கடைக்காரர் ஐகோர்ட்டுக்கா போவார்? கல்லாவில் ரொக்கம் இருந்தால் மறுநாள் மைதா வாங்கலாம்.

போன பணம் சேராத தொல்லையும் இருக்கிறது. வாடிக்கையாளர் கணக்கில் கழிந்துவிடும், கடைக்காரருக்கு வராது. இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இதற்கு ரிசர்வ் வங்கி 2019-ம் ஆண்டே விதி போட்டிருக்கிறது. ஆளுக்கு ஆள் அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். கடைக்கு அனுப்பியது என்றால் 5 நாளுக்குள். அதைத் தாண்டினால் நாளுக்கு ரூ.100 நஷ்டஈடு. வாடிக்கையாளர் கேட்காமலே அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது உத்தரவு. இந்த விதியை எந்த வங்கி வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்?

வங்கியும் தப்பு செய்யும் என்பதற்கு தூத்துக்குடியிலேயே உதாரணம் இருக்கிறது. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 1921-ல் நாடார் வங்கியாக தூத்துக்குடியில் பிறந்தது. 2023 செப்டம்பரில் அந்த வங்கியில் இருந்து சென்னை கார் டிரைவர் ஒருவரின் கணக்கில் ரூ.9 ஆயிரம் கோடி தவறுதலாக விழுந்துவிட்டது! அவர் நம்பவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, சிநேகிதருக்கு ரூ.21 ஆயிரம் அனுப்பிப் பார்த்தார். போய்விட்டது! கொஞ்ச நேரத்தில் மீதி அத்தனையையும் வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. தொகை பெரிது என்பதால் வங்கிக்கு உடனே தெரிந்தது. முறுக்கு விற்கிற அம்மாளுக்கு 90 ரூபாய் வராமல் போனால் யாருக்குத் தெரியும்?

வரி பயம்

பெங்களூரில் 2025-ம் ஆண்டு ஜூலையில் சின்னக் கடைக்காரர்கள் கூட்டமாக கியூ.ஆர். அட்டையைக் கிழித்துவிட்டு, "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். போன் பணக் கணக்கைப் பார்த்து ஜி.எஸ்.டி. நோட்டீசு வந்ததுதான் காரணம். வரியே இல்லாத காய்கறி விற்றவருக்கும் லட்சக்கணக்கில் நோட்டீசு! சாமான் வியாபாரத்துக்கு ஆண்டுக்கு ரூ.40 லட்சம் வரை பதிவு தேவை இல்லை என்பது பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. மொத்த வியாபாரம் வேறு, லாபம் வேறு என்பது சில அதிகாரிகளுக்குத் தெரியாது போலிருக்கிறது. அதற்காக அட்டையைக் கிழிப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. மறைத்து வியாபாரம் செய்வதற்காக யாராவது ரொக்கம் கேட்டால் அவருக்கு இங்கே யாரும் வக்காலத்து வாங்கவில்லை.

500 ரூபாய் தரும் மிஷின்

ரொக்கம் வேண்டும் என்றால் ரொக்கம் கிடைக்க வேண்டுமே! ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகினால் 500 ரூபாய் நோட்டுதான் விழுகிறது என்பது பொதுமக்களின் நெடுநாள் புகார். அதைக் கொண்டுபோய் 15 ரூபாய்க்கு வடை கேட்டால் கடைக்காரர் முறைக்காமல் என்ன செய்வார்? ஜனங்களை போன் பக்கம் தள்ளுவதில் பாதிப் பங்கு இந்த மிஷினுக்கு உண்டு.

ரிசர்வ் வங்கி இதை உணர்ந்துதான் 2025 ஏப்ரலில் உத்தரவு போட்டது. 2025 செப்டம்பருக்குள் 75 சதவீத ஏ.டி.எம்.களிலும், 2026 மார்ச்சுக்குள் 90 சதவீத ஏ.டி.எம்.களிலும் 100 அல்லது 200 ரூபாய் நோட்டு கிடைக்க வேண்டும் என்றது. ஸ்ரீவைகுண்டத்திலும், ஏரலிலும், ஆழ்வார்திருநகரியிலும் அது நடக்கிறதா என்று வங்கி மேலதிகாரிகள் நேரில் வந்து கார்டைச் செருகிப் பார்க்கட்டும். மாச முதல் வாரத்தில், பென்சன் வாங்கும் கிழவர்கள் நிற்கிற நேரத்தில் வந்தால் இன்னும் நல்லது.

பட்டன் போன் வைத்திருப்பவர்களும் போன் காசு அனுப்பலாம் என்று 2022 மார்ச்சில் ஒரு வசதி வந்தது. 123 பே என்று பெயர். பஜாரில் பத்துப் பேரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? வங்கிகள் கடன் மேளா நடத்துகிற மாதிரி இதற்கும் ஒரு நாள் பந்தல் போட்டால் என்ன?

வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன்னால் வெள்ளத் தடுப்பு ஆலோசனைக் கூட்டம் நடக்கும். மணல் மூட்டை எத்தனை, ரப்பர் படகு எத்தனை என்று கணக்குப் பார்ப்பார்கள். பொதுப்பணித்துறை, மின்வாரியம், தீயணைப்பு எல்லோரும் வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு செல்போன் டவர் கம்பெனிக்காரர்களையும் வங்கி மானேஜர்களையும் கூப்பிட வேண்டும். டவருக்கு ஜெனரேட்டரில் எத்தனை நாளுக்கு டீசல் இருக்கிறது, தண்ணீர் ஏறாத உயரத்தில் அந்த ஜெனரேட்டர் இருக்கிறதா, ஆற்றுக்குத் தென்கரையில் ரோடு துண்டிக்கப்பட்டால் அந்தப் பக்கத்து ஜனங்கள் எங்கே போய்ப் பணம் எடுப்பார்கள் என்று தாசில்தார் அவர்களிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.